நிலத்தை எங்கே வைத்தாய்?

சாமி,

நீ இப்போது கோழிக் கொட்டகையில் இருக்கிறாய். நான் வீட்டுக்குள் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நமக்கு நடுவில் ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருக்கின்றன. சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் மகளுக்கு ஒரு தகப்பன் கடிதம் எழுதுவதே வேடிக்கை. அதை நாலு பேர் படிக்கும்படி அச்சில் வேறு போடச் சொல்வது உனக்குக் கோபத்தைக் கூட உண்டாக்கலாம். ஆனால் உன் அம்மாவின் கடைசி நாளைப் பற்றிய ஒரு பேச்சு, நாமக்கல்லிலிருந்து மோகனூர் வரைக்கும் நம் சொந்தக்காரர்கள் கூடும் கல்யாண வீடுகளிலும் காதுகுத்து வீடுகளிலும் ஒரு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பொய். பொய் இத்தனை பேர் காதுக்குப் போனபிறகு உண்மையை உன் காதில் மட்டும் சொன்னால் போதாது என்று நினைக்கிறேன். அதனால்தான் இப்படி.

முதலில் நல்ல நாட்களைச் சொல்லிவிடுகிறேன். நீ பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் பொங்கல் விடுமுறையில், அடுப்படியில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நீ அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உன் படிப்பு என்ன என்று விளக்கினாய். நான் கதவோரம் பேப்பர் படிப்பவனைப் போல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெகு தூரத்தில், நம் சூரியனைவிடச் சின்னதாய், மங்கலாய், சிவப்பாய் இருக்கும் நட்சத்திரங்கள் உண்டு என்றாய். அவற்றை மிகவும் ஒட்டிச் சுற்றுகிற கிரகங்கள், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, தங்கள் சூரியனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் எப்போதும் பகல். மறு பக்கம் எப்போதும் இரவு.

"அப்ப அங்க பொழுதே சாயாதா?" என்று கேட்டாள் அம்மா.

"சாயாதும்மா. உச்சில நிக்கிற சூரியன் உச்சிலயே நிக்கும்."

"துணி காயப்போட நல்ல ஊருதான் போ."

நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, உன் வேலை அந்தக் கிரகத்தில் நிலம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது என்று சொன்னாய். சூரியனுக்கு நேர் கீழே கடல் இருந்தால் தண்ணீர் ஓயாமல் ஆவியாகி மேலே போகும். அங்கேயே பெரிய மேகக்கூட்டம் திரண்டு, குடை பிடித்தது போல வெளிச்சத்தில் பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கீழே கொஞ்சம் தாங்கும். அங்கிருந்து கிளம்பும் ஈரமும் சூடும் இருட்டுப் பக்கத்துக்குப் போய் அதையும் ஒரு போர்வை போலக் காக்கும். அதே இடத்தில் கடலுக்குப் பதில் நிலம் இருந்தால் எல்லாமே மாறும். தரை காய்ந்து கிடக்கும், மேகம் குறையும், அந்தப் பக்கம் போகிற ஈரமும் குறைந்து இருட்டுப் பக்கம் இன்னும் உறைந்து போகும். கிரகம் அதேதான், சூரியன் அதேதான், நிலத்தின் அளவும் அதேதான். அது எங்கே இருக்கிறது என்பதில் வாழ்வா சாவா என்பதே அடங்கியிருக்கிறது என்றாய். கம்ப்யூட்டருக்குள் ஒரு கிரகத்தைச் செய்து, அதில் நிலத்தை ஒவ்வொரு இடமாக நகர்த்தி வைத்து, காற்றும் மழையும் என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் உன் வேலை. ஒரு முறை வைத்தால் விடை வர வாரக்கணக்கில் ஆகும்.

அன்றிலிருந்து அம்மா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் முட்டை எடுத்து முடித்ததும் உனக்குப் போன் போடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "இன்னிக்கு நெலத்த எங்க சாமி வெச்சிருக்கற?" என்பாள். நீ சொல்வாய். அவள் அதைக் கொண்டுவந்து என்னிடம் சொல்வாள். "ஏனுங்க, இன்னிக்கு ஓரமாத் தள்ளி வெச்சிருக்கறாளாமா. மழ கொஞ்சம் நல்லாப் பேயுதாமா." சொந்த பந்தங்களில் எத்தனையோ பேர், கண்ணால் பார்க்க முடியாத ஊருக்கு வெயில் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே அவள் நினைக்கவில்லை. மழை பெய்கிற இடத்தைப் பற்றிப் பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நம் காட்டில் பெய்தாலும் சரி, அங்கே பெய்தாலும் சரி.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். நீ இதுவரை கேட்டதில்லை. எல்லாம் தெரியும் என்பதால்தான் நீ கேட்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். உனக்குத் தெரிந்தது வேறு என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

போன வருடக் கோடை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு தூறல் போட்டு, பூமியை நனைக்காமல் வெக்கையை மட்டும் கிளப்பிவிட்டுப் போயிருந்தது. காலையிலிருந்தே காற்று ஒரு இலையை அசைக்கவில்லை. வெயில் பக்கவாட்டில் விழக்கூடாது என்றுதான் கொட்டகையைக் கிழக்கு மேற்காகக் கட்டியிருக்கிறோம். அன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. கோழிகள் வாயைப் பிளந்து, சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

மத்தியானத்துக்கு முன்னால் நானும் அம்மாவும் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தோம். அடுத்த பண்ணைக்காரர் செல்வத்தின் பையன் அன்று பெங்களூர் கிளம்புவதாக இருந்தான். அவனிடம் உனக்கு முருங்கைக்காயும் புளியும் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்கத்தான் அம்மா உனக்குப் போன் போட்டாள். வேறு எதற்கும் இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. அவள் முகம் வாடவில்லை, பெருமூச்சு விடவில்லை. "போனெடுக்கலே. கெளாசுல இருப்பா. பொழுதோட, முட்டையெடுத்தப்பறம் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, "உங்க பொண்ணு முருங்கக்கா வேண்டாம்னுதான் சொல்லுவா, நான் எப்படியும் குடுத்துத்தான் உடுவேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூடையில் காயை எடுத்தும் வைத்தாள். அப்போது அவளுக்கு ஒரு தலைவலி கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மோட்டாருக்குத்தான் தாங்கியது, விசிறிகளுக்குத் தாங்கவில்லை. நான் மேற்குக் கொட்டகைக் கூரைமேல் ஓலையும் சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளிக்க ஏறினேன். அம்மா கிழக்குக் கொட்டகைக்குள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு போனாள். பக்கவாட்டில் தொங்கும் கோணிச்சாக்குப் படுதாக்களையெல்லாம் நனைத்தாள், கோழிகள் மேலும் தெளித்தாள். எத்தனையோ கோடையில் இப்படித்தான் செய்து அவற்றைக் காப்பாற்றியிருக்கிறோம். நடுவில் ஒரு தடவை நான் கீழே இறங்கி, "நீ வெளிய வா, நான் பாத்துக்கறேன்" என்றேன். "இந்த வரிசய முடிச்சுட்டு வாரேனுங்க" என்றாள். முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருக்கிறாள். தீவனம் போடும் பாப்பாத்தி கத்துவது கேட்டது. "ஏனுங்க, அம்மா உளுந்துட்டாங்க! ஓடியாங்க!"

வெளியே தொட்டியோரம் வந்து விழுந்து கிடந்தாள். புடவை முழுக்க ஈரம். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. செல்வம் காரை எடுத்துவந்தார். பின்சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவள் பேசினாள். என்ன பேசினாள் என்பதை நான் அப்படியே சொல்கிறேன். "மோட்டார நிறுத்துனீங்களா? தொட்டி வழியும்" என்றாள். நிறுத்திவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் நிறுத்திவிட்டேன் என்றேன். ரயில்வே பாலம் தாண்டும்போது மூன்றாம் முறை கேட்டாள், ஆனால் அப்போது நான் யார் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அந்த டாக்டரம்மா தன்னால் ஆனதெல்லாம் செய்தார். பொழுது இறங்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சாமி, அவள் உன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை, கடவுள் பெயரையும் சொல்லவில்லை. உனக்குக் கொடுப்பதற்குக் கடைசி வார்த்தை என்று என்னிடம் எதுவும் இல்லை.

நீ வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம். உன் பெரியத்தை மோகனூரிலிருந்து வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் உள்ளே இருந்தேன், அவள் சொன்னது என் காதில் விழவில்லை. "உன்ற பேரச் சொல்லிச் சொல்லித்தான் சாமி உசுரு போச்சு. நீ போனெடுக்கலீன்னு ஏங்கிட்டே போயிட்டா" என்று சொல்லியிருக்கிறாள். போனில் அந்த ஒரு அழைப்பு பதிவாகியிருந்தது. அதை நீ பார்த்தாய். பிறகு நீ யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு நான் உன்னிடம், இத்தனை தண்ணீரை ஊற்றியும் அவள் உடம்பு ஏன் ஆறவில்லை என்று கேட்டேன். "அன்னிக்குக் காத்துலயே ஈரம் நெறஞ்சிருந்துச்சுங்கப்பா. அதுக்கு மேல எடுத்துக்க அதுல எடமில்லே. தண்ணி ஆவியாப் போனாத்தான் ஒடம்பு சூட்டக் கூட்டிட்டுப் போகும்" என்றாய். அதுதான் நீ உன் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் கடைசியாகப் பேசியது. மறுநாள் நீ கொட்டகைக்குப் போனாய். பெங்களூருக்குத் திரும்பிப் போகவில்லை.

ஒரு வருடம் நீ இந்தப் பண்ணையை நடத்தியதில் ஒரு குறை சொல்ல முடியாது. கூரையை மாற்றினாய். விசிறிகளுக்கும் சேர்த்துத் தாங்குகிற மாதிரி பெரிய ஜெனரேட்டர் வாங்கினாய். வேலைக்கு வருகிற பெண்கள் உச்சி வெயிலில் உள்ளே போகக் கூடாது என்று கட்டளை போட்டாய். பாப்பாத்தி தண்ணீர் குடித்தாளா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாய். அப்பனுக்காக வந்து நிற்கிறாய் என்று நான் நினைத்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. காலையில் இந்த வீட்டில் இன்னொரு டம்ளர் காப்பி ஆறிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தேவையாக இருந்தது. நீ சிரிப்பதே இல்லை என்பதை நான் கவனித்தேன். துக்கம், போகப் போகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் உன் பேராசிரியை எனக்குப் போன் செய்தார். உன்னிடம் பேசிப் பார்த்துப் பலனில்லை என்று என்னிடம் வந்திருக்கிறார். அவர் தமிழ் நம் பக்கத்துத் தமிழ் இல்லை, ஆனாலும் நிதானமாகப் பேசினார். "உதவிக்காக அம்மா கூப்பிட்டார்கள், நான் எடுக்கவில்லை, அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு கிரகத்தின் வெப்பநிலையைப் பற்றி மேடையில் பேசிக்கொண்டிருந்தேன், இனி அதைத் தொட மாட்டேன் என்கிறாள் உங்கள் மகள்" என்றார். உதவிக்காகவா? முருங்கைக்காய்க்காக அல்லவா கூப்பிட்டாள்!

அவரிடம் நான் ஒன்று கேட்டேன். நீ உன் வேலையை எந்த இடத்தில் விட்டாய் என்று கேட்டேன். நிலத்தை இருட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை பாதியில் நிற்கிறது என்றார். எனக்குப் புரிகிறபடி சொல்லுங்கள் என்றேன். இருட்டுப் பக்கத்தில் கடல் இருந்தால் மேலே பனி மூடினாலும் அடியில் தண்ணீர் ஓடும், பகல் பக்கத்துக் கடலோடு சேர்ந்தே இருக்கும். அங்கே நிலம் இருந்தால், போகிற ஈரமெல்லாம் அதன் மேல் பனியாக விழுந்து, உருக வழியில்லாமல் மலையாகக் குவிந்துகொண்டே போகும். பகல் பக்கத்துக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். எவ்வளவு நிலம் வரைக்கும் அந்தக் கடல் தாங்கும், தரைக்கு அடியிலிருந்து வரும் சூடு அந்தப் பனியை எவ்வளவு கரைத்துத் திருப்பி அனுப்பும் என்பதைத்தான் நீ பார்த்துக்கொண்டிருந்தாயாம். இதை நம் வீட்டோடு பொருத்தி ஏதாவது சொல்லலாம் என்று எனக்கும் தோன்றியது. வேண்டாம். அது கிரகம், இது வீடு. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கடல் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. உனக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பாதியில் விட்டவள் நீ ஒருத்திதான், முடிக்கத் தெரிந்தவளும் நீதான் என்கிறார் உன் பேராசிரியை.

வாசலில் உன் பெரியத்தை சொன்னதையும் அது ஊரெல்லாம் சுற்றுவதையும் அன்று சாயங்காலம் பாப்பாத்தியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் நான் மோகனூர் போய் அவளைப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன். "ஏன் அக்கா அப்படிச் சொன்னே? நீ அங்க இருந்தியா?" என்று கேட்டேன். அவள் என்னைத் திண்ணையில் உட்கார வைத்தாள். பிறகு, "பெத்தவ கடேசியா மோட்டாரப் பத்திப் பேசிட்டுப் போனான்னு அந்தப் புள்ளகிட்ட எப்படிச் சொல்றது தம்பி? புள்ள பேரச் சொன்னாள்னு சொன்னா மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். போன் பேச்சு வாயில வந்துருச்சு. அது முள்ளாக் குத்தும்னு தோணலே" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். கல்யாண வீடுகளில் அதைச் சொன்னதும் அதே நினைப்பில்தானாம். உன் அம்மா மகள் மேல் வைத்திருந்த பாசத்தைச் சொல்கிறோம் என்று. இதை எழுதப்போகிறேன் என்றேன். "எழுது தம்பி. எல்லாரும் படிக்கறாப்பல எழுது" என்றாள்.

திரும்பி வந்து உன்னிடம் நேரில் சொல்லப் பார்த்தேன். "அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும் சாமி" என்று ஆரம்பித்தேன். "வேண்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தீவன மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டாய். இரண்டாம் முறையும் அப்படித்தான். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்?

இன்னொரு செய்தி. இந்தக் கோழிகள் முட்டையிட்டு ஓய்ந்துவிட்டன, இந்த வாரம் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். கொட்டகையைக் கழுவிவிட்டு அடுத்த குஞ்சுக்குச் சொல்ல வேண்டும் என்று நீ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய். குஞ்சுக்கு நான் சொல்லிவைக்கவில்லை. செல்வத்துக்கு இரண்டு கொட்டகையையும் குத்தகைக்கு விடுவதாகப் பேசி முடித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கேட்டால் நீ விடமாட்டாய். பாப்பாத்திக்கு அவரிடமே வேலை உண்டு. உச்சி வெயில் கட்டளையும் தொடரும் என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். எனக்கு இந்த வீடும் கிணற்றடித் தென்னைகளும் போதும். தனியாக இருப்பேனே என்று யோசிக்காதே என்று சொல்ல மாட்டேன். தனியாகத்தான் இருப்பேன். கஷ்டமாகத்தான் இருக்கும். நீ இங்கே தண்டனை அனுபவிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கஷ்டம்.

பெங்களூர் போவதற்கு முன்னால் மோகனூர் போய் உன் பெரியத்தை கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ. அவளை எதுவும் கேட்காதே. தெரியாமல் செய்தாள், தெரிந்தபிறகு அவள் சரியாகத் தூங்குவதில்லை.

உன் அம்மா உனக்கு எதுவும் சொல்லாமல் போய்விட்டாள் என்று இப்போது இந்தக் கடிதம் உன்னிடம் சொல்கிறது. அது இன்னொரு வலியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இந்த ஒரு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அவள் பாதியில் விட்ட பேச்சுகள் நிறைய இருக்கின்றன. தென்னந்தோப்பு வரப்பு, பழைய சண்டை ஒன்று, போகலாம் என்று சொல்லிப் போகாத கோயில். ஒரே வீட்டில் இருந்தோம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். உன்னிடம் அவள் எதையும் தள்ளிப் போட்டதில்லை. நினைத்ததை அன்றைக்கே சொன்னாள், கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டாள். உங்கள் இருவருக்கும் நடுவில் பேசாமல் விட்டது ஒரு முருங்கைக்காய் மட்டும்தான் சாமி.

உன் அப்பா